அம்மா உட்காரும் பின் சீட்டுக்கு ஒரு சஸ்பென்ஷன்

எங்கள் கார் 2008 மாடல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர் பெட்ரோல். அப்பா வால்பாறையில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டார்கள். நான் கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவின் இடுப்பு வலிக்காக டாக்டரிடம் கூட்டிவந்து, இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். போக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதையெல்லாம் ஏறி முடித்தபின் வீடு வரைக்கும் உடைந்துபோன எஸ்டேட் ரோடு.

போன வருடம் ஒருநாள், ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் வண்டியை நிறுத்தி வரையாடு பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கீழே இறங்கவில்லை. கேட்டதற்குச் சொன்னார்கள்: "முன்னாடி உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாதுப்பா. பின்னாடி தொட்டில் ஆடுற மாதிரி இருக்கு. ஆடி முடிக்கிறப்போ ஒரு இடி இடிக்குது."

இதைவிடத் துல்லியமாக ஒரு சஸ்பென்ஷன் கோளாறை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தொட்டில் ஆட்டம் என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஏறி இறங்குவது. கடைசி இடி என்றால் ஷாக் அப்சார்பர் அடியோட்டம் முடிந்து ரப்பர் கட்டையில் மோதுவது. இரண்டும் வேறு வேறு நோய். இது புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

உக்கடத்தில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் லிஃப்டில் ஏற்றியதுமே காட்டினார். பின் வலது ஷாக்கில் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டி, கருப்பாக ஒரு சட்டை போட்டதுபோல் இருந்தது. "நாலையும் மாத்திருங்க. கம்பெனி சாமானே போடுங்க. வேற எந்த வேலையும் வேண்டாமுங்க" என்றார். இதைப் படிக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுதான் சரியான பதில், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் புது ஒரிஜினல் ஷாக், புது டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனைப் பிடிப்பு), புது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். செத்த ஷாக்கோடு ஒப்பிட்டால் எந்தப் புது சாமானும் அற்புதமாகத்தான் தெரியும்.

நானும் போட்டேன். இடி பாதிக்குப் பாதி குறைந்தது. தொட்டில் நிற்கவில்லை. அதுவும் வாரநாட்களில் நான் மட்டும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போகும்போது வண்டி அருமையாக இருக்கிறது. நான்கு பேர் ஏறி, டிக்கியில் அரிசியும் பையும் வைத்தால்தான் ஆட்டம் வருகிறது. ஒரே வண்டி, இரண்டு குணம். இதனால்தான் அட்ஜஸ்டபிள் பக்கம் போனேன். வண்டியை இறக்கி அழகு பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்ததில்லை.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். டெமோ கார் வைத்திருந்தார்கள், அதுவும் ஸ்விஃப்ட்தான். "நாற்பது மி.மீ. இறங்கும் சார், ரோட்டை ஒட்டிக்கிட்டு நிக்கும்" என்றார்கள். ஓட்டிப் பார்த்தேன். நல்ல தார் ரோட்டில் ஸ்டீரிங் திருப்பியதும் முன்பக்கம் சட்டென்று கேட்டது, அதை மறுக்க முடியாது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பல்லோடு பல் அடித்தது. ஸ்பிரிங் எண் என்னவென்று கேட்டேன். முன்னால் ஆறு என்றார்கள். ஆறு என்றால் ஒரு மி.மீ. அமுக்க ஆறு கிலோ. நம் ஒரிஜினல் ஸ்பிரிங் எவ்வளவு என்று கேட்டதற்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை. அளவு தெரியாத ஒன்றை இன்னொரு அளவால் மாற்றுவது எங்கள் தொழிலில் நடக்காது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அட்ஜஸ்டபிள் என்ற சொல்லிலேயே பெரிய குழப்பம் இருக்கிறது. உயரம் மட்டும் மாற்றக்கூடியதும் அட்ஜஸ்டபிள்தான். உயரமே மாற்ற முடியாமல் ஷாக்கின் இறுக்கத்தை மட்டும் மாற்றக்கூடியதும் அட்ஜஸ்டபிள்தான். பில்ஸ்டீன் கம்பெனியில் பி14 உயரம் மட்டும் மாறும், பி16 என்றால் இறுக்கமும் மாறும். கேடபிள்யூ கம்பெனியில் வேரியன்ட் 1 உயரத்துக்கு மட்டும். வேரியன்ட் 2இல் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது ஷாக் பிடிக்கும் பிடி, தனியாக மாறும். வேரியன்ட் 3இல் அமுங்கும் பிடியும் விரியும் பிடியும் தனித்தனியே மாறும். கோனி கம்பெனியின் மஞ்சள் ஷாக்கில் உங்கள் பழைய ஸ்பிரிங்கையே வைத்துக்கொண்டு ரீபவுண்டை மட்டும் திருகலாம். விலைப்பட்டியலில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எனக்கு வேண்டியது இறுக்கம் மாறுவது. உயரம் மாறுவது கூடவே வந்தால் வரட்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கை, ப்ரீலோட். கீழே இருக்கும் வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கணபதியில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனிடம் சோதனை பிரஸ் இருக்கிறது. எங்கள் பழைய முன் ஸ்பிரிங்கைக் கொண்டுபோய் வைத்தோம். முதல் 10 மி.மீ.க்கு 21 கிலோ ஏறியது. அடுத்த பத்துக்கு இன்னொரு 21. ஏற்கெனவே 60 மி.மீ. அமுங்கிய நிலையிலிருந்து பத்து தள்ளினாலும் அதே 21. ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங் எங்கிருந்து அமுக்கினாலும் ஒரே கணக்குத்தான் கொடுக்கும். ஒரே வளையம் இருக்கும் அமைப்பில் ப்ரீலோட் வளையத்தைத் திருகினால் வண்டி உயரும், அவ்வளவுதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே துண்டாகச் சேர்ந்ததைக் கோய்ல்ஓவர் என்பார்கள்; நல்ல கோய்ல்ஓவரில் கீழ்ப்பகுதி முழுவதும் மரை வெட்டி, அந்தத் துண்டின் நீளத்தையே தனியாக மாற்ற வைத்திருப்பார்கள். அதில்தான் உயரத்தை மாற்றியும் ஷாக்கின் ஓட்டத்தைத் தொடாமல் இருக்க முடியும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பின் ஸ்பிரிங்கையும் பிரஸ்ஸில் போட்டோம். 2.4 வந்தது. முன்னால் 2.1, பின்னால் 2.4 என்றால் பின்பக்கம்தான் கெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்விஃப்டில் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்து நிற்கும் தூண். ஸ்பிரிங் கிட்டத்தட்ட சக்கரத்தின் தலைமேலேயே நிற்கிறது. பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் ஒரே உத்திரம். அங்கே ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஸ்பிரிங் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பீமின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பீமின் மூட்டிலிருந்து ஸ்பிரிங்குக்கு உள்ள தூரம், சக்கரத்துக்கு உள்ள தூரத்தில் 79 சதவீதம் இருந்தது. சக்கரத்தில் உணரப்படும் கெட்டித்தனம் அந்த விகிதத்தின் வர்க்கம், அதாவது 0.62. எனவே 2.4 அங்கே 1.5 ஆகிவிடுகிறது. சரிபார்க்க, பின் அச்சுக்கு நேர்மேலே டிக்கியில் இரண்டு 50 கிலோ மூட்டைகளை வைத்து மட்கார்டு இறங்கியதை அளந்தேன். 33 மி.மீ. இறங்கியது. பக்கத்துக்கு 50 கிலோ, 33 மி.மீ.; அதே 1.5தான். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அடுத்து எடை. கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி, நான்கு பிளாட்ஃபார்ம் தராசுகளை ஒரே மட்டத்தில் வைத்து காரை ஏற்றினேன். சக்கரம், பிரேக், ஹப் இதையெல்லாம் கழித்துவிட்டால், ஸ்பிரிங் தாங்கும் எடை முன்னால் பக்கத்துக்கு சுமார் 278 கிலோ, பின்னால் 165. நாங்கள் நான்கு பேரும் 70 கிலோ சாமானும் ஏறியபின் முன்னால் 325, பின்னால் 282. எண்களைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டுவிட்டது. முன்பக்கம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. பின்பக்கமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது.

ஒரு ஸ்பிரிங்கின் மேல் ஒரு எடையை வைத்து ஆட்டினால் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கெட்டித்தனத்தை மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று மாற்றி, எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28ஆல் வகுக்க வேண்டும். காலியாக இருக்கும்போது எங்கள் காருக்கு முன்னால் 1.37, பின்னால் 1.5. ஆட்கள் ஏறியபின் முன்னால் 1.27, பின்னால் 1.15. தலைகீழாகிவிட்டது.

அது ஏன் அம்மாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறது என்பதற்கு 1930களிலேயே பதில் இருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஓலி என்ற பொறியாளர், எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு காரைச் செய்து ஓட்டி ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஒரு மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. பின்சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. எங்கள் ஸ்விஃப்டின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2.39 மீட்டர்; மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அந்தத் தாமதம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். வண்டி தட்டையாக ஏறி இறங்கும். பின்பக்கம் மெதுவானால் கடைசி வரை ஒன்றுக்கொன்று எதிராகவே ஆடும். ஆகவே முன் ஸ்பிரிங் பின்னதைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்றார் ஓலி. கடையில் காட்டிய ஆறை முன்னால் போட்டிருந்தால் 2.3க்குப் போயிருக்கும். அம்மாவின் இடுப்புக்கு நானே கேடு செய்திருப்பேன்.

இதே எடைதான் ஷாக்கின் கணக்கையும் கெடுக்கிறது. ஒரே ஷாக், ஒரே திருகு நிலை; ஆனால் மேலே எடை கூடக் கூட அது ஆட்டத்தை அடக்கும் பலம் குறைகிறது. 165 கிலோவை அருமையாக அடக்கிய ஷாக் 282 கிலோவில் நான்கில் ஒரு பங்கு சக்தியை இழந்தது போல் ஆகிவிடும். கம்பெனி ஷாக் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் சமாதானம் செய்து வைத்தது. எனக்குத் திருகு தேவைப்பட்டது இதற்காகத்தான். அந்த ஒரு கைப்பிடித் திருகுக்காகவே இவ்வளவு பணம் செலவழிப்பதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

உயரத்தைத் தொடாமல் விட்டதற்கு ஒரு பிளாஸ்டிக் டை காரணம். வயர்களைக் கட்டும் சாதாரண டை. முன் ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒன்றைக் கட்டி, அடிவரை தள்ளிவிட்டு, வால்பாறை போய் வந்தேன். ஷாக் அமுங்கும்போது டையை மேலே தள்ளும், திரும்பும்போது அங்கேயே விட்டுவிடும். எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. பொள்ளாச்சி வரை பார்த்தபோது 40 மி.மீ.கூடப் போகவில்லை. மலையேறி அட்டகட்டி தாண்டிப் பார்த்தபோதும் பெரிய மாற்றமில்லை. எஸ்டேட் ரோட்டில் கடைசி மூன்று கிலோமீட்டர் முடிந்தபோது 68 மி.மீ. அதற்கு மேல் மிச்சமிருந்தது ரப்பர் கட்டை மட்டும். 40 மி.மீ. இறக்கியிருந்தால் ஒவ்வொரு குழியிலும் ரப்பரின் மேல்தான் ஓடியிருப்போம். ரப்பரில் உட்கார்ந்த வண்டிக்கு எந்த விலை ஷாக் போட்டும் பயனில்லை. பத்து ரூபாய்க்கும் குறைவான இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் வண்டியை இறக்கக் கூடாது என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

வேகத்தடையும் உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அந்த அளவில் கட்டினால் வண்டி மிதந்து போகும். எங்கள் தெருவில் இருப்பது இரண்டு அடி அகலம்கூட இல்லை. 170 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸை நான் ஒரு மி.மீ.கூட விட்டுக்கொடுக்க மாட்டேன். போதாதற்கு மெக்பெர்சன் அமைப்பில் வண்டியை அதிகம் இறக்கினால் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர், அதாவது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இறக்கிய வண்டி வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். அதை மறைக்கத்தான் இரும்பு போன்ற ஸ்பிரிங் போடுகிறார்கள்.

எல்லாம் சேர்த்து நான் எழுதிக்கொண்ட எண்கள்: முன்னால் 2.5, பின் ஸ்பிரிங்கில் 3.2, அது சக்கரத்தில் 2. ஆள் ஏறியபின் ஆட்டம் வினாடிக்கு முன்னால் 1.38, பின்னால் 1.33. முழுவதும் சமமாகவில்லை. ஆனால் இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பின்னால் இன்னும் இறுக்கியிருந்தால் கணக்கு அழகாக வந்திருக்கும். மழைக்கால வளைவில் பின்பக்கம் விலகத் தொடங்கும் என்ற பயத்தில் அங்கேயே நிறுத்தினேன். தனியாக ஓட்டும்போது பின்பக்கம் 1.74, கொஞ்சம் துள்ளல்தான், அதை நான் பொறுத்துக்கொள்வேன்.

சில தயாரிப்பாளர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே ஸ்பிரிங் எண்ணை மாற்றித் தருவார்கள். நான் வாங்கியதும் அப்படி ஒன்று. பெயரைச் சொல்லவில்லை, அது என் எடைக்கும் என் ரோட்டுக்கும் பொருந்தியது, உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. எதைப் பார்த்து எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். ட்வின் டியூப் ஷாக், அதாவது குழாய்க்குள் குழாய். ஒற்றைக் குழாயான மோனோட்யூபில் எண்ணெய் சீக்கிரம் சூடாகாது, பிடி துல்லியமாக இருக்கும், ரேஸுக்கு அதுதான். 1957இலேயே பில்ஸ்டீன் அதை மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அதில் வெளிச்சுவர்தான் பிஸ்டன் ஓடும் சுவர். எஸ்டேட் ரோட்டில் ஒரு கருங்கல் தெறித்து நசுக்கினால் ஷாக் போயிற்று. ட்வின் டியூபில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய் ஓடும். உள்ளே இருக்கும் வாயு அழுத்தமும் குறைவு என்பதால் சின்னச் சின்ன அதிர்வுகளில் மென்மையாக நகரும்.

மேல் மவுண்ட் ரப்பராகக் கேட்டு வாங்கினேன். பில்லோபால் என்ற உலோக மூட்டு போட்டால் ஸ்டீரிங் இன்னும் கூர்மையாகும்தான். ஆனால் வால்பாறை மழையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்தச் சேற்றில் ஒரு பருவம் ஓடினால் உலோக மூட்டு கடகடவென்று பேசத் தொடங்கும். அதே காரணத்துக்காக மரைப்பகுதி முழுவதும் கிரீஸ் தடவி, மேலே ரப்பர் உறை போட்டேன். மரை துருப்பிடித்து இறுகிவிட்டால் அட்ஜஸ்டபிள் என்பது பெயரளவில்தான் மிஞ்சும்.

கடைசியாக, ஒரு ஷாக் மட்டும் தனியாகக் கிடைக்குமா, சீல் மாற்றித் தருவார்களா என்று கேட்டேன். எழுத்தில் பதில் வந்த பிறகே பணம் அனுப்பினேன். மொத்தச் செலவு இந்தக் காரின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டியது. அப்பாவிடம் சொல்லத் தயங்கினேன். "அம்மா முதுகுக்குத்தானே" என்றதோடு முடித்துவிட்டார்.

வந்ததும் ஸ்பிரிங்குகள் நேராகக் கணபதிக்குப் போயின. 2.5 என்று அச்சடித்தது 2.46 காட்டியது. இடதும் வலதும் ஒன்றுபோல இருந்தன. அதுதான் முக்கியம்.

மாட்டியதில் ஒரு தவறு நடந்தது. உக்கடத்து அண்ணன் ஊருக்குப் போயிருந்ததால் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். லோயர் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முழுவதும் இறுக்கிவிட்டார்கள். அங்கே இருக்கும் ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். மூன்றே மாதத்தில் இரண்டு புஷ்ஷும் கிழிந்தன. அண்ணன் பார்த்துவிட்டு, "சக்கரம் தரையில நிக்கிறப்பத்தானுங்க கடைசிப் பிடி பிடிக்கோணும்" என்றார். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, நாற்பது வருடக் கைப்பழக்கம். வேலை கொடுக்கும் இடத்தில் இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். பிறகு 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். முன்னால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், மாறியிருந்தது. பின்னால் டார்ஷன் பீம், அங்கே திருக ஒன்றுமில்லை.

சட்டத்தையும் பார்த்துக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52ஐ வைத்து, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயரம், சக்கரம், டயர் எதையும் மாற்றாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு என்ன போட்டிருக்கிறேன் என்று பில்லோடு கடிதம் எழுதினேன். பழைய ஸ்ட்ரட்டுகளை எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

திருகுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். என் ஷாக்குகளில் 24 கிளிக். எப்போதும் முழுவதும் இறுக்கிய நிலையிலிருந்துதான் எண்ண வேண்டும். அங்கேதான் உறுதியான முட்டு இருக்கும். விரலால் மெதுவாக, முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். குறடு வைத்தால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு கெடும். நான் நான்கையும் 12இல் வைத்துத் தொடங்கினேன். ஒரு நேரத்தில் ஒரு அச்சை மட்டும், இரண்டிரண்டு கிளிக்காக. ஒவ்வொரு முறையும் அதே ரோடு, அதே வேகம், அதே டயர்க் காற்று. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறு போகும் வழியில் நான் ஒரு நீளத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அதில் ஒரு பாலம், ஒரு ஒட்டுப்போட்ட தார், ஒரு நீண்ட அலை மேடு இருக்கின்றன.

திறந்தால் பாலத்தின் மூட்டு மென்மையாகும், ஆனால் அலை மேட்டில் வண்டி இரண்டாம் முறையும் எழும். இறுக்கினால் இரண்டாம் எழுச்சி நிற்கும், ஒட்டுப்போட்ட தாரில் நடுக்கம் வரும். இன்னும் இறுக்கினால் வேறொரு விபரீதம். அடுத்தடுத்துக் குழிகள் வரும்போது ஷாக் விரிய நேரமில்லாமல் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகும். எஸ்டேட் ரோட்டில் 4ஆம் கிளிக்கில் எனக்கு அதுதான் நடந்தது. அமுங்கி அமுங்கிக் கடைசியில் ரப்பரில் இடித்தது. அம்மா சொன்ன அதே இடி. இறுக்கினால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

இப்போது முன்னால் 13இலேயே விட்டுவிட்டேன், எப்போதும் மாற்றுவதில்லை. பின்னால் தனியாக ஓட்டும்போது 16. நான்கு பேரும் சாமானும் என்றால் 9. ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் இறங்கிப் போய்த் திருகிவிட்டு வந்துவிடுவேன். பின் திருகு ஷாக்கின் அடிப்பகுதியில் இருப்பதால் கை எட்டுகிறது. மேலே இருந்திருந்தால் டிக்கி அட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். வாங்கும் முன் திருகு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

அம்மாவுக்கு எண்கள் எதுவும் தெரியாது. முதல் தடவை 12இல் போனபோது "கொஞ்சம் பரவாயில்ல" என்றார்கள். 9இல் போனபோது எதுவும் சொல்லவில்லை. வியூபாயிண்டில் கதவைத் திறந்து தானே இறங்கி, கைப்பிடிச் சுவர் வரை நடந்து போய் நின்றார்கள்.

அப்பாதான் இப்போது கணக்கு வைக்கிறார். ஃபேக்டரியில் நாற்பது வருடம் பச்சைத் தேயிலை எடையை எழுதிய கை. டேஷ்போர்டுக்குள் ஒரு பழைய டைரி போட்டிருக்கிறார். போன மாதம் எடுத்துப் பார்த்தேன்: "3 பேர், அரிசி 25, கேஸ் அடுப்பு – 11. சரி." அதற்குக் கீழே, "4 பேர், பலாப்பழம் 2 – 9. முன்பக்கம் ஒரு கிளிக் தளர்த்திப் பார்க்கவும்."

வர்ற சனிக்கிழமை 14 வைத்துப் பார்க்கப் போகிறேன்.